பசந்தர் ஆற்றைப் பற்றிக் கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். பிசான நெல் பொதி கட்டி நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீருக்குக் குறைவில்லை.

ஜம்மு பக்கத்து விஜய்பூர் எய்ம்ஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதன்முறையாகச் சாம்பாவுக்குப் போனபோது பசந்தர் என்னும் ஆற்றைக் கடந்ததாகச் சொல்லி, தாத்தா பேசிக்கொண்டிருந்த ஆறு இதுதானா என்று கேட்டாய். அதுதான் தாயி. போனில் ஆமாம் என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. போன ஆவணியில் நம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் உன் மகனை மடியில் உட்கார வைத்து, உன் தாத்தா எதிரிகளை வரிசையாக நிற்க வைத்துச் சுட்டார் என்று கதை சொன்னவர்களைப் பார்த்ததிலிருந்து, உள்ளதை உள்ளபடி உனக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. அவரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்து அவர் செய்யாத காரியத்தை அவர் தலையில் ஏற்றுகிறார்கள். அவர் செய்தது அதைவிடக் கடினமான வேலை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். அவர் நின்ற இடத்துக்கு உன்னால் போக முடியாது. சாம்பாவைத் தாண்டித் தெற்கே ஓடும் அந்த ஆறு எல்லையைக் கடந்து பாகிஸ்தானின் ஷகர்கட் பகுதிக்குள் போகிறது. 1971 டிசம்பரில் இந்தியா-பாகிஸ்தான் போரின்போது சண்டை நடந்தது அங்கேதான். அப்போது நம் படை பிடித்த நிலம் 1972 சிம்லா ஒப்பந்தத்தின்படி திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது.

தாத்தா மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தவர். 1780இல் தொடங்கப்பட்டு, இன்று பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியாளர் படை அது. பாலம் போடுவது, பாதை அமைப்பது, எதிரி புதைத்த கண்ணிவெடிகளை எடுத்துப் பின்னால் வருகிறவர்களுக்கு வழி திறந்துவிடுவது ஆகியவை அவர்கள் பொறுப்பு. துப்பாக்கி அவர்கள் தோளிலும் உண்டு. ஆனால் வேலை நடக்கும்போது அது முதுகில் கிடக்கும், கைகள் மண்ணில் இருக்கும்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பதை எனக்கு அவர் சேரன்மகாதேவி ஆற்று மணலில் வைத்துக் காட்டியிருக்கிறார். லீவில் வந்திருந்த சமயம். ஆச்சியின் பழைய சம்படம் ஒன்றை நான் பார்க்காதபோது மணலில் புதைத்துவிட்டு, உடைந்த குடைக்கம்பியை என் கையில் கொடுத்துக் குப்புறப் படுக்கச் சொன்னார். கம்பியைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது. தரைக்குச் சாய்வாக, மெல்ல உள்ளே விட வேண்டும். கண்ணிவெடி பெரும்பாலும் தன் தலையில் பாரம் அழுந்தினால் வெடிக்கும், ஆகையால் கம்பி அதன் விலாவைத் தொட வேண்டுமே தவிர உச்சியைத் தொடக் கூடாது. தட்டுப்பட்டதும் கம்பியை வைத்துவிட்டு விரல்களால் மண்ணை வழித்து விலக்க வேண்டும். பிறகு விரல்கடை தூரம் நகர்ந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் அவசரப்பட்டு இரண்டு குத்து குத்தினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் கம்பியை வாங்கிக்கொண்டார். அந்தப் பிடியின் இறுக்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதையே டிசம்பர் குளிரில், இருட்டில், குண்டு வந்து விழுந்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டும் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். டிசம்பர் 15 இரவு காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்தது. அவர்களுக்குத் துணையாக டாங்கிகள் போக வேண்டுமானால் நடுவில் கிடந்த கண்ணி நிலத்தில் பாதை திறக்க வேண்டும். டாங்கியின் முன்னால் உருளை மாட்டி ஓட்டியும், விட்டுப்போனதைக் கையால் தேடி எடுத்தும், சரிபார்த்த இடத்துக்கு இருபுறமும் அடையாளம் வைத்துக்கொண்டும் சாப்பர்கள் முன்னேறினார்கள். வேலை பாதியில் இருக்கும்போதே எதிரி டாங்கிகள் வருவதாகத் தகவல் வந்தது. பாதை முடியும்வரை காத்திருக்க நேரமில்லாமல் 17 பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள், கண்ணிகள் எடுக்கப்படாத நிலத்தின் ஊடாகவே புகுந்து அக்கரை சேர்ந்தன. மறுநாள் அந்தப் படையைச் சேர்ந்த செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால், தீப்பற்றிய டாங்கியை விட்டு வெளியே வர மறுத்துப் போரிட்டு உயிர்விட்டார். வயது 21. அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது.

கேத்ரபாலின் பெயரை எங்கே கேட்டாலும் உன் தாத்தா எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். ஒரே ஒரு தடவை மட்டும், "அந்தப் பிள்ளைகள் போகும்போது நாங்கள் பாதையை முடித்துக் கொடுக்கவில்லை" என்று சொன்னார். அது அவர்கள் குற்றமன்று என்பது உலகத்துக்கே தெரியும். இருந்தும் அவர் அதைத் தம் கணக்கிலேயே வைத்துக்கொண்டார். சாப்பர்களின் அதிகாரி மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் அந்தச் சண்டையில்தான் மாண்டார். மறைவுக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்கரம் அளித்தார்கள். தாத்தாவுக்குக் கிடைத்தது அந்தப் போர்முனையில் இருந்த எல்லோருக்கும் கொடுத்த பஷ்சிமி ஸ்டார். அதை அவர் சட்டையில் குத்திக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அந்த மார்கழியில் ஆச்சி கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது தந்திக்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் கையை அப்படியே நிறுத்திக்கொள்வாள். 56 ஏ.பி.ஓ. என்னும் ராணுவத் தபால் முத்திரை பதிந்த இன்லண்டு தை பிறந்த பிறகுதான் வந்தது. "சுகம். பல் வலி. பணம் அடுத்த மாதம்" என்ற அளவில்தான் அதில் எழுதியிருந்தார்.

நம் வீட்டைப் பட்டாளத்தார் வீடு என்று ஊர் அழைப்பது தாத்தாவுக்கும் முன்னால் தொடங்கியது. என் தாத்தா, உன் பூட்டனார், 1942இல் இதே சாப்பர்ஸில் சேர்ந்து பர்மா வரை போனவர். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. அதே 1942இல், அப்போது நம் ஜில்லாவாக இருந்த குலசேகரன்பட்டினத்தில், இளைஞர்கள் உப்பளத்துக்குள் புகுந்தார்கள். லோன் என்னும் வெள்ளை அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு அது குறைக்கப்பட்டது. ஒருபக்கம் ஊர்ப் பிள்ளைகள் வெள்ளைக்காரனை எதிர்த்து நிற்க, நம் பூட்டனார் அவன் கொடுத்த உடுப்பைப் போட்டுக்கொண்டார். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட சீமையில் பிறந்தவருக்கு இது உறுத்தாமல் இருந்திருக்காது. ஆனால் வீட்டில் அரிசி இல்லை, தங்கைகள் இருந்தார்கள், மாதம் தவறாமல் மணியார்டர் வரும் வேலை அது ஒன்றுதான் கிடைத்தது. குலசேகரன்பட்டினத்துப் பிள்ளைகளின் தியாகத்தோடு அதை நான் சமமாக வைக்க மாட்டேன். அதற்காகப் பூட்டனாரைக் குறைத்துப் பேசவும் மாட்டேன். நம் குடும்பக் கதையைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

உன் சித்தப்பா ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தது உனக்குத் தெரியும். எனக்குக் கண் பார்வை தேறவில்லை. ஆசிரியர் வேலைக்குப் போனேன். அதில் தாத்தாவுக்கு மனக்குறை இருந்ததாக நான் உணர்ந்ததே இல்லை.

இளஞ்சிப்பாயாக இருந்த காலத்தில் அவரிடம் மூத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றித்தான். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், அதே மதராஸ் சாப்பர்ஸ். 1944இல் இத்தாலியில் கண்ணி ஒன்று வெடிக்கப் போவதை அறிந்து, உடனிருந்தவர்களைக் காக்கத் தம் உடம்பை அதன்மேல் போட்டு இறந்தவர். பிரிட்டிஷ் அரசின் உயர்ந்த வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். தாத்தா எனக்குச் சொன்ன ஒரே வீரக்கதை அதுதான். அதிலும் ஒருவர்கூடச் சுடப்படவில்லை என்பதைக் கவனி.

2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லை நெடுகப் படைகளைக் குவித்து, விளைநிலங்களிலும் கண்ணி புதைத்தார்கள். பேப்பரில் அதைப் படித்துவிட்டு, புதைப்பதற்கு ஒரு வாரம் போதும், எடுப்பதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ, அதற்குள் எத்தனை சம்சாரிகளுக்குக் கால் போகுமோ என்று அவர் புலம்பிக்கொண்டே இருந்தார். சொன்னபடியே அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் சிலருக்குக் கால் போனது. நீ இருப்பது பிசியோதெரபிப் பிரிவு. எல்லையோரக் கிராமத்திலிருந்து அப்படிப்பட்ட பெரியவர் யாராவது உன்னிடம் வந்தால், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டு எனக்கு எழுது. முடிந்தால் உன் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பதையும் அவரிடம் சொல்.

தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரதி எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் மகன் கேட்கும்போது அதை வைத்துக்கொண்டு நீயே சொல். மெடல் இங்கே பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பங்குனியில் சாஸ்தா கோயிலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அப்பா