11 விநாடி

நண்பா,

மூன்று மாதமாக உனக்குப் பதில் போடவில்லை, மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். கத்திரி அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலை, இன்னும் உன் தும்மல் கதையைச் சொல்லித்தான் சிரிக்கிறார்.

போன வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இணையத்தில் வரும் ஒலி நிகழ்ச்சி இருக்கிறதே, பாட்காஸ்ட், அதில் ஒன்றை எடிட் செய்துகொண்டிருந்தேன். மகனைப் பறிகொடுத்த ஒரு பாட்டியின் பேட்டி. கடைசியாக அவன் என்ன சொன்னான் என்று கேட்டதும் பாட்டியின் பேச்சு நின்றுவிட்டது. 11 விநாடி, மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம், "கதவைச் சாத்திக்கம்மான்னு சொல்லிட்டுப் போனான்."

அந்த 11 விநாடியை என் கை தானாக வெட்டிவிட்டது. ஏனென்றால் அந்த நிகழ்ச்சியின் முந்தைய பகுதிகளுக்கு வந்த வரைபடம் கண்ணுக்குள்ளேயே நின்றது. கேட்பவர்கள் எந்த விநாடியில் எழுந்து போனார்கள் என்று கோடு போட்டுக் காட்டுகிறதே, அதில் யாராவது பேச்சை நிறுத்தினாலே கோடு சரிகிறது.

நாம் ஒலிநாடாவில் மெழுகுப் பென்சிலால் குறி போட்டு பிளேடால் வெட்டிய நாட்களில், ஒரு துண்டை எடுக்கும் முன் பத்துத் தடவை கேட்போம், வெட்டியதையும் தூக்கிப் போடாமல் கழுத்தில் தொங்க விட்டிருப்போம். இன்று ஒரு போன் இருந்தால் யாரும் பதிவு செய்து, எடிட் செய்து, அன்றே உலகத்துக்கு அனுப்பலாம். அது பெரிய விடுதலை, இல்லையென்றால் இந்தப் பாட்டியின் குரல் யார் காதுக்கும் எட்டியிருக்காது. ஆனால் விநாடிக்கு விநாடி நம்மை அளக்கிறார்கள். எந்த வீடியோவை முன்னால் காட்டுவது என்று முடிவு செய்ய, யூடியூப் 2012லேயே எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விட்டு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மாறிவிட்டது. ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலியில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு பாட்டு கணக்கில் ஏறும், அதனால் பலர் முன்னிசையைச் சுருக்கிப் பல்லவியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறதடா. வெட்டு என்று யாரும் சொல்லவில்லை, நானாகவே வெட்டினேன்.

ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து போய் அதைத் திரும்ப வைத்துவிட்டேன். கோடு சரிந்தால் சரியட்டும்.

நாளைக்கு வெளியாகிறது. நீ எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்கிறாய் என்று உன் மகள் போட்டுக்கொடுத்துவிட்டாள். இதை மட்டும் சாதாரண வேகத்தில் கேள். மௌனத்தைத் தானாகத் தாண்டிப் போகும் வசதி உன் செயலியில் இருந்தால் அதையும் அணைத்துவிடு.