சீட்டின் கீழ்ப் பாதியை விட்டுவிடாதே, தங்கச்சி

அன்புத் தங்கச்சிக்கு,

குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு நீ அனுப்பிய படத்தைச் சித்திக்கும் அம்மாவுக்கும் காட்டினேன். இரண்டு பேரும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அன்றைக்கே வாக்காளர் பதிவுப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். மனசு நிறைந்துபோயிற்று.

அப்புறம் சனிக்கிழமை போனில் ஒன்று சொன்னாய். "வாக்குச்சீட்டில் மேலே இருக்கும் இரண்டு மூன்று பேருக்குப் போட்டுவிட்டு வந்துவிடுவேன் அக்கா. கீழே இருப்பவர்கள் யாரென்றே தெரியாது, யாராயிருந்தால் என்ன." அப்போது நான் பதில் சொல்லவில்லை. குழந்தை அழுதுகொண்டிருந்தாள், நீயும் அவசரத்தில் இருந்தாய். இரண்டு நாளாக அந்த வார்த்தை என்னை விடவில்லை. இதே பேச்சை இன்னும் சில பெண்களிடமும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

2022 அக்டோபர் உனக்கு நினைவிருக்கும். எனக்குப் பத்தாவது வாரம். ஸ்கேனில் துடிப்பு இல்லை. உடம்பு தானாக வெளியேற்றவில்லை என்பதால் டாக்டர் மிசோப்ரோஸ்டால் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கருக்கலைப்புக்கும் பயன்படும் மாத்திரை அது. மருந்துக்கடை கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "இது எதற்கு?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள். என் குழந்தை இறந்துவிட்டது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அதன் பிறகும் டாக்டர் நேரடியாகப் பேசினால்தான் தருவோம் என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை, மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. நீ டாலஸிலிருந்து நான்கு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு ஹூஸ்டன் வந்து சேர்ந்தபோது எனக்கு இன்னும் மாத்திரை கிடைக்கவில்லை. மறுநாள் மதியம் வேறு கடையில் நீதான் வாங்கி வந்தாய்.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபம் இல்லை. அவள் முகத்தில் இருந்தது பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றுதான் பிறகு தேடிப் போனேன். டெக்சாஸ் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். தானாகச் சிதைந்து இறந்துவிட்ட கருவை அகற்றுவது கருக்கலைப்பு ஆகாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கர்ப்பப்பைக்கு வெளியே தங்கும் கருவுக்கும் அப்படியே. ஆக, அன்று யாரும் எந்தச் சட்டத்தையும் மீறப்போவதில்லை. ஆனால் அந்த வரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது: தடையை மீறினால் ஆயுள் சிறை வரை தண்டனை, குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம், மருத்துவ உரிமமும் போய்விடும். இரண்டாவது வரியைக் கேள்விப்பட்டவர்கள்தான் அதிகம். அதற்குப் பயந்து முதல் வரியைக்கூட யாரும் நம்பிச் செயல்படுவதில்லை.

இதை எழுதியது வாஷிங்டன் இல்லை. 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில் தீர்ப்பு சொல்லி, கருக்கலைப்பு உரிமைக்கு 1973 முதல் ரோ வழக்குத் தீர்ப்பு கொடுத்திருந்த பாதுகாப்பை எடுத்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீர்ப்பு நேரடியாக எதையும் தடை செய்யவில்லை, முடிவை மாநிலங்களின் கையில் கொடுத்தது. டெக்சாஸில் முடிவு அதற்கு முந்தைய ஆண்டே எடுக்கப்பட்டுவிட்டது. ரோ விழுந்தால் தானாக அமலுக்கு வரும்படி எச்.பி. 1280 என்ற சட்டத்தை 2021இலேயே மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் நிறைவேற்றி வைத்துவிட்டார்கள். எச்.பி. என்றால் பிரதிநிதிகள் அவையில் தொடங்கிய மசோதா, எஸ்.பி. என்றால் செனட்டில் தொடங்கியது. 2022 ஆகஸ்ட் 25 அன்று அது அமலுக்கு வந்தது. அதற்கு யார் யார் 'ஆம்' என்றார்கள், யார் 'இல்லை' என்றார்கள் என்பது பெயர் பெயராக அவைக் குறிப்பில் இருக்கிறது. நீ "யாரென்றே தெரியாது" என்று சொன்னாயே, அந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் அந்தப் பெயர்கள்.

அதே 2021இல்தான் எஸ்.பி. 8உம் வந்தது. கருவின் இதயத் துடிப்பு தெரிந்தபின் கலைக்கக் கூடாது, அதற்கு உதவியவர்மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போட்டுக் குறைந்தது பத்தாயிரம் டாலர் கேட்கலாம் என்ற சட்டம். ஆறு வாரம் என்று பேசிக்கொண்டார்கள். கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அப்படியென்றால் நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம், அவ்வளவுதான். நம் வீட்டில் பாதிப் பேருக்கு மாதம் முறையாக வருவதே இல்லை. அவர்களுக்கு அந்த இரண்டு வாரம் என்பது தெரிவதற்குள்ளேயே போயிருக்கும்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ஊரிலேயே 1971இல் கருக்கலைப்பை அனுமதித்துச் சட்டம் போட்டுவிட்டார்களே, அமெரிக்காவிலா இப்படி?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். யாராயிருந்தால் என்ன?

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் விஷயத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. டெக்சாஸில் நடக்கும் பிரசவங்களில் ஏறத்தாழ பாதிக்கு மெடிகெய்ட்தான் பணம் கட்டுகிறது. முன்பெல்லாம் குழந்தை பிறந்து 60 நாளில் தாய்க்கு அது நின்றுவிடும். ஆனால் பிரசவத்தோடு ஆபத்து முடிவதில்லை. ரத்த அழுத்தம், இதயத் தசை பலவீனம், மனச்சோர்வு எல்லாம் மாதங்கள் கழித்தும் வரும். தாய் இறப்புகளை ஆராய மாநிலமே 2013இல் ஒரு குழு அமைத்தது. பிரசவத்துக்குப் பின் ஒரு வருடம் காப்பீடு கொடுங்கள் என்று அந்தக் குழு சிபாரிசு செய்தது. 2021இல் டாலஸ் உறுப்பினர் டோனி ரோஸ் எச்.பி. 133 என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் அவை 12 மாதம் என்று நிறைவேற்றி அனுப்பியது. செனட் அதை 6 ஆக வெட்டியது. சட்டமானது அந்த 6தான்.

செய்தியில் எப்படி வந்தது தெரியுமா? தாய்மார்களுக்குக் காப்பீடு நீட்டிப்பு என்று. ஓட்டுப் போட்ட எல்லோரும் தங்கள் பிரசுரத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் 12ஐ 6 ஆக்கியது யார், எந்த அவையில், எந்தக் கட்டத்தில் என்பதை மசோதாவின் வரலாற்றைத் திறந்தால் மட்டுமே பார்க்க முடியும். ரோஸ் விடவில்லை. 2023இல் எச்.பி. 12 என்று மறுபடியும் கொண்டுவந்தார். இந்த முறை இரண்டு கட்சியினரும் சேர்ந்து 12 மாதமாகவே நிறைவேற்றினார்கள். 2024 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்த 6 மாதத்தோடு நின்றிருந்தால், ஏழாவது மாதம், எட்டாவது மாதம் என்று காப்பீடில்லாமல் போயிருக்கக்கூடிய தாய்மார்களை நினைத்துப் பார். முதல் குழந்தைக்குப் பிறகு எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது ஐந்தாவது மாதத்தில். எனக்கு வேலையிடத்துக் காப்பீடு இருந்தது, அதனால் பிழைத்தேன்.

ஓர் உறுப்பினரின் பதிவு என்று நான் சொல்வது இதைத்தான். கடைசி ஓட்டு மட்டும் போதாது. கடைசி ஓட்டு வருவதற்குள் முக்கால்வாசி வேலை முடிந்திருக்கும். 2011ஐ எடுத்துக்கொள். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு இரண்டு ஆண்டுக்கு 111 மில்லியன் டாலர் அளவில் இருந்த பணத்தை 38 மில்லியனாகக் குறைத்தார்கள். இதற்கென்று தனி மசோதா எதுவும் வரவில்லை. பட்ஜெட் விவாதத்தில் திருத்தத்துக்குமேல் திருத்தமாகப் பணத்தை வேறு திட்டங்களுக்கு நகர்த்தினார்கள். அதன் பிறகு 80க்கு மேற்பட்ட கிளினிக்குகள் மூடப்பட்டன, அல்லது அந்தச் சேவையை நிறுத்தின. கருத்தடை மட்டும் போகவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பாப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் அதே கிளினிக்குகளில்தான் நடந்துகொண்டிருந்தன. கருக்கலைப்பை முற்றிலும் எதிர்க்கிறவர்கூட அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆனால் அந்தத் திருத்தங்களுக்குக் கை தூக்கியவர்களின் பெயரை அன்று எத்தனை பேர் பார்த்தோம்?

இன்னும் சத்தமில்லாத ஒரு வழி இருக்கிறது. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாள் நடக்கும். ஆயிரக்கணக்கான மசோதாக்கள் தாக்கலாகும், பெரும்பாலானவை குழுவிலேயே தேங்கி நின்றுவிடும். வல்லுறவால் கருவுற்றவர்களுக்காவது விதிவிலக்கு கொடுங்கள் என்று கேட்ட மசோதாக்கள் அவைக்கு வந்து ஓட்டெடுப்பைப் பார்த்ததே இல்லை. அதனால் அந்த மசோதாக்களுக்கு அவையில் எந்த உறுப்பினரும் 'இல்லை' என்று பதிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. ஓட்டே இல்லாத இடத்தில் பதிவும் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது குழுத் தலைவர் யார் என்பதையும், மசோதாவில் இணை ஆசிரியராகக் கையெழுத்துப் போட்டவர் யார், போடாதவர் யார் என்பதையும்.

அவைக் குறிப்பில் இன்னொன்றும் கவனித்தேன். சில உறுப்பினர்கள் ஓட்டு முடிந்த பிறகு, "நான் இல்லை என்று போட நினைத்தேன், ஆம் என்று பதிவாகிவிட்டது" என்று எழுதிச் சேர்க்கலாம். முடிவு மாறாது, குறிப்பு மட்டும் ஏறும். கைத்தவறு யாருக்கும் நடக்கும், அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் ஒரே விஷயத்தில் திரும்பத் திரும்ப அப்படி எழுதியிருந்தால் நின்று படி.

கட்சிப் பெயரைப் பார்த்து முடிவு செய்துவிடலாமே என்று நீ கேட்பாய். பெரும்பாலான நேரம் அது சரியாகவே இருக்கும், மறைப்பானேன். ஆனாலும் பதிவைப் படிக்கப் படிக்க எதிர்பாராததும் கண்ணில் படுகிறது. எஸ்.பி. 8ஐ எழுதிய செனட்டர் பிரயன் ஹியூஸ்தான் 2025இல் எஸ்.பி. 31ஐயும் எழுதினார். தாயின் உயிருக்கு ஆபத்து இருந்தால், அவள் சாகும் தறுவாய்க்கு வரும்வரை டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்திய சட்டம் அது. இரண்டு கட்சியினரும் ஆதரித்தார்கள். அதற்கு முன்னால், 2023இல், ஹூஸ்டன் உறுப்பினர் ஆன் ஜான்சனும் அதே ஹியூஸும் சேர்ந்து எச்.பி. 3058ஐக் கொண்டுவந்தார்கள். கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிய கருவுக்கும், குழந்தை பிழைக்க வழியில்லாத மாதத்திலேயே பனிக்குடம் உடைந்த தாய்க்கும் சிகிச்சை செய்த டாக்டர், வழக்கு வந்தால் சொல்லிக்கொள்ள அது ஒரு தற்காப்பு கொடுத்தது. வழக்கு வந்த பிறகுதான் அந்தத் தற்காப்பு என்பதையும் சேர்த்துப் படி. பதினெட்டாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்தும் சிகிச்சை மறுக்கப்பட்டு, ரத்தத்தில் நஞ்சேறியவர் தொடுத்த ஜுராவ்ஸ்கி வழக்கு அதே 2023இல்தான் நீதிமன்றத்துக்கு வந்தது. சட்டம் இருக்கிறபடியே போதும் என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. அதனால்தான் 2025இல் தெளிவுபடுத்த வேண்டிவந்தது என்று நான் நினைக்கிறேன்.

இந்த விஷயத்தில் என் நிலை உனக்குத் தெரியும். அந்த முடிவு பெண்ணும் அவள் டாக்டரும் எடுக்க வேண்டியது. நீ முழுக்க அப்படி நினைக்காமல் இருக்கலாம், அதற்காக உன்னோடு சண்டைக்கு வரமாட்டேன். எந்தப் பக்கம் நின்றாலும் தெரிந்து நில் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒஹையோவில் 2023இல் மக்களே கையெழுத்துத் திரட்டி, ஓட்டெடுப்பு நடத்தி, கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்த்தார்கள். டெக்சாஸில் அந்த வழி கிடையாது. இங்கே மக்கள் நேரடியாக ஒரு சட்டத்தை ஓட்டுக்குக் கொண்டுவர முடியாது. 150 பிரதிநிதிகள், 31 செனட்டர்கள், இவர்கள் வழியாக மட்டும்தான் எதுவும் நடக்கும். உன் பிரதிநிதிக்குத் தொகுதியில் சுமார் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் மக்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். பல தொகுதிகளில் நவம்பருக்கு முன்பே, கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத முதல்நிலைத் தேர்தலிலேயே ஆள் முடிவாகிவிடுகிறது. அதற்கு வருகிறவர்கள் மிகக் குறைவு. அப்புறம், ஒரே பொத்தானை அழுத்திக் கட்சி முழுவதுக்கும் ஓட்டுப் போடும் வசதியும் 2020இலிருந்து இங்கே இல்லை. நீயே கீழே வரை போய் ஒவ்வொரு பெயராகத் தொட வேண்டும்.

ரோ வழக்கு உன் டாலஸிலிருந்துதான் போனது. உச்ச நீதிமன்றத்தில் அதை வாதாடிய சாரா வெடிங்டனுக்கு முதல் வாதத்தின்போது வயது 26. தீர்ப்பு வந்த 1973இல் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? ஆஸ்டின் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினராக, டெக்சாஸ் பிரதிநிதிகள் அவையில். அவ்வளவு பெரிய வழக்கைக் கையில் வைத்திருந்த ஒருவர், நீ விட்டுவிடப் பார்க்கிற அந்தக் கீழ் வரிசைப் பதவிக்குத்தான் போட்டியிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ காலில் வருகிறேன், குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து. சட்டமன்றத் தளத்தில் 'ஹூ ரெப்ரசென்ட்ஸ் மீ' என்று ஒரு பக்கம் இருக்கிறது, உன் முகவரியைப் போட்டால் உன் மாநிலப் பிரதிநிதி, மாநில செனட்டர் இருவர் பெயரும் வரும். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு எச்.பி. 1280, எச்.பி. 133, எச்.பி. 12 மூன்றையும் திறப்போம். 2021இல் அவர் அங்கே இல்லையென்றால், அவருக்கு முன்னால் இருந்தவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். ஒரு மணி நேரம் போதும். கையில் பேனா வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா