கடல் தாண்டி வந்த பூசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அந்நாளைய சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, சென்னைத் தொலைக்காட்சியின் கண்மணிப் பூங்காவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டது. திசையன்விளைப் பக்கம் 1980களில் வளர்ந்த எங்களுக்கு அந்தப் பூங்கா வெறுமனே காதில் விழுந்த பெயர். 1975இல் தொடங்கிய சென்னை ஒளிபரப்பு, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தெற்கே கிடந்த எங்களை அப்போது எட்டவில்லை. எட்டியது, 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினித் தொலைக்காட்சி.

அதன் அலைபரப்பி நின்ற பீதுருதாலகால மலை 2,524 மீட்டர் உயரம். இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல். காற்று ஓய்ந்த கோடை மாலைகளில், கடல்மேல் படியும் ஈரக்காற்று அலைகளை வளைத்துக் கொண்டுவந்து எங்கள் கரையில் சேர்த்துவிடும். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களிலோ ஆன்டெனா ஒரு பக்கம் திரும்பிக்கொள்ள, திரையில் ஈ மொய்த்ததுபோல் புள்ளிகள் மட்டுமே மிஞ்சும். உடனே பெரியப்பா தட்டட்டியில் ஏறிக் குழாயைத் திருப்புவார். வாசலில் ஒருவன், நடையில் ஒருவன், பெட்டிக்கு முன்னால் ஒருவன் என்று நாங்கள் நின்று, “தெரியுது, தெரியுது... ஐயோ, போச்சு பெரியப்பா!” என்று வாய்வழியே சேதி அனுப்புவோம். பாதி நிகழ்ச்சி அதிலேயே கழிந்துவிடும்.

டைட்டஸ் தொட்டவத்த என்ற கலைஞர், அமெரிக்கக் கேலிச்சித்திரப் படங்களுக்குச் சிங்களக் குரலும் சிங்களக் குறும்பும் கொடுத்திருந்தார். பக்ஸ் பன்னி அங்கே ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆகியிருந்தது. ஹாவா என்றால் முயல் என்பது எனக்குத் தெரிய இருபது ஆண்டுகள் ஆயின. அதுவரை அதை அந்த முயலின் சிரிப்பு என்றே நினைத்திருந்தேன். ஆனால், ‘பிஸ்ஸு பூஸா’ என்ற பூனைக் கதையின் பெயரில் பாதியை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆச்சி பூனையைப் பூசை என்றுதான் சொல்லுவாள். (பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைக் கம்பரும் தம் அவையடக்கத்தில் பூசை என்றே சொல்கிறார்.) மொழி புரியாமலே, எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் தெருப்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

பின்னாளில் கொடைக்கானல் அலைபரப்பி வழியாகச் சென்னை நிகழ்ச்சிகள் தெளிவாகவே வந்தன. கைகட்டி உட்கார்ந்து பாட்டுப்பாடிய அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது, பள்ளிக்கூடம் மாலையிலும் தொடர்வதுபோல் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதுபவர், உவரி, மணப்பாடு, குலசேகரன்பட்டினம் பக்கமும் ஒருமுறை வந்து விசாரித்தால் நல்லது. பெரியப்பாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் ரூபவாகினிக்கு ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டால், கட்டிலில் இருந்தபடியே தென்கிழக்கே கை காட்டுகிறார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
திசையன்விளை.