பூசி மூடுவதற்கு முன்னால்: மேஸ்திரிகளுக்கும் பிளம்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வீடு கட்டும் மேஸ்திரிகளுக்கும் கொத்தனார்களுக்கும், பிளம்பர், எலக்ட்ரீஷியன் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

எங்கள் குளியலறைச் சுவரில் நான்கு டைல்ஸ் மட்டும் வெள்ளை. மற்றதெல்லாம் வெளிர் பச்சை. அந்த நான்கும் எப்படி அங்கே வந்தன என்று சொல்லத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

2011-ல் கட்டிய வீடு. ஒரு ஐப்பசி மழையின்போது படுக்கையறையில், பீரோவுக்குப் பின்பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் தெரிந்தது. மழைத் தண்ணீர்தான் இறங்குகிறது என்று விட்டுவிட்டோம். மழை நின்றது, ஓதம் நிற்கவில்லை. தை பிறந்தபோது முழங்கை நீளத்துக்குப் பரவி, பெயின்ட்டுக்கு அடியில் பூசிய பட்டி மாவு அப்பளம்போல உப்பி, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை.

வந்த பிளம்பர் கேட்ட முதல் கேள்வி: "பைப் எந்தப் பக்கமா போகுதுங்க?"

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டிய மேஸ்திரி வேறு ஊருக்குப் போய்விட்டார். பைப் போட்டவர் யாரென்றே நினைவில்லை. பாவம், வந்த பிளம்பர் சுத்தியலின் பிடியால் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். முதல் இடத்தில் உடைத்தால் கரண்ட் பைப். இரண்டாவது இடத்தில் வெறும் செங்கல். மூன்றாவது இடத்தில்தான் தண்ணீர் பைப் அகப்பட்டது. பைப் திரும்பும் இடத்தில் மாட்டும் வளைவான எல்போவை வெட்டி எடுத்து என் கையில் வைத்தார். பைப் பாதி ஆழத்துக்குத்தான் உள்ளே போயிருந்தது. பைப்பை ஒட்டும் சால்வென்ட் பசை ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது, மறுபக்கம் பளிச்சென்று புதுசுபோல இருந்தது. இத்தனை வருஷம் தாங்கியதே பெரிய விஷயம், மாடியில் பிரஷர் பம்ப் வைத்த பிறகு விட்டுவிட்டது என்றார். "மாத்துறது அஞ்சு நிமிஷ வேலைங்க. தேடுனதுதான் ரெண்டு நாள்."

அந்தப் பச்சை டைல்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

அந்த எல்போவை மாட்டியவர் மேல் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்தாயிற்று. "எப்ப முடியும், எப்ப முடியும்" என்று நாங்களே தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தோம். அவர் பைப்பை மாட்டும்போதே, பைப்புக்காகச் சுவரில் வெட்டிய காடியை அடைக்கக் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு கொத்தனார் பின்னால் நின்றிருப்பார். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிய வேலையில் ஒரு நாள் தள்ளிப்போனால் நஷ்டம் உங்களுக்குத்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் பெரிதாக எதையும் கேட்க வரவில்லை. எதையும் பூசி மூடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

சுவரில் காடி வெட்டிப் பைப்பும் கரண்ட் பைப்பும் பதித்தவுடன், பூச்சுக்கு முன்னால், மூலையிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அடி என்று டேப்பைப் பிடித்தபடி சுவருக்கு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஒரு வீட்டுக்கே அரை மணி நேரம் போதும். பத்து வருஷம் கழித்து கீசர் மாட்டவோ அலமாரி அடிக்கவோ டிரில்லிங் மெஷினோடு வருகிற உங்கள் தொழில்காரருக்கே அந்தப் போட்டோ உதவும். கரண்ட் ஓடுகிற வயரில் டிரில் பட்டால் போவது ஓர் உயிர்.

பைப் வேலை முடிந்ததும் எல்லா வாயையும் அடைத்து, கைப் பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இது உங்களில் பலரும் செய்கிற வேலைதான். எங்கள் வீட்டில் யாரும் செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. செய்திருந்தால் அந்த எல்போ அன்றைக்கே பிடுங்கிக்கொண்டிருக்கும்.

மாடியில் குளியலறை என்றால் சங்கன் ஸ்லாபைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தளத்தைக் கீழே இறக்கி, அந்தப் பள்ளத்தில் பைப் ஓட்டி, உடைந்த செங்கல்லையும் கட்டட இடிபாட்டையும் கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ் போட்டுவிடுகிறார்கள். டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் குளம்போல நிற்கும். கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சள் வளையம் தெரியும்போது வருஷங்கள் போயிருக்கும். வாட்டர் புரூஃப் பூச்சு காய்ந்ததும் வெளியேறும் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்து, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். கீழே நின்று கூரையைப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அப்போதே சரிசெய்துவிடலாம், ஒரு டைல்ஸைக்கூட உடைக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு நாளுக்கு உங்கள் கூலியைச் சேர்த்துக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் வீட்டுக்காரரிடம் என் கதையைச் சொல்லுங்கள்.

கூரைக் கம்பியும் அப்படித்தான். கான்கிரீட் போட்டபின் கம்பியை யாரும் பார்க்க முடியாது. தளத்தின் அடிக்கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் மறைப்பு இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக்கை வைக்காமல், கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிக்கொண்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். அப்படிப் பெயர்ந்த கூரையைப் பார்க்க வருகிறவர், தளர்ந்ததைத் தட்டி எடுக்காமல், துருவைச் சுரண்டாமல், மேலே சிமென்ட் கலவையை அப்பிவிட்டுப் போனால், அடுத்த தடவை அது யார் தலையில் விழும்? ஓதச் சுவருக்குப் பட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பதும் இதே கதைதான். ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் அடித்த பெயின்ட், அடுத்த மழைக்குத் தாங்காது.

பில்டரிடம் ஃபிளாட் வாங்கியவர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது. சாவி கொடுத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து புகார் சொன்னால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் வார்த்தையை நம்பித்தான் வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் உங்கள் கையில் கொடுக்கிறோம்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். வேலை முடிந்து போகும்போது மீந்த டைல்ஸை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு அறைக்கும் அரைப் பெட்டியாவது பரணில் போட்டுவிட்டுப் போங்கள். பெட்டி மேலுள்ள, நிறத்தைக் குறிக்கும் ஷேடு நம்பர் கிழியாமல் இருக்கட்டும்.

வருகிற சித்திரையில் மாடியில் என் மகளுக்கு ஓர் அறையும் குளியலறையும் எடுக்கப்போகிறோம். உங்களில் ஒருவர்தான் வருவீர்கள். இந்தத் தடவை கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறிக்கவில்லை. தண்ணீர் நிரப்பிய இரண்டு நாளும் கீழே கூரையைப் பார்த்தபடி நானே உட்கார்ந்திருப்பேன். பூச்சுக்கு முந்தின நாள் மாலை மட்டும் எனக்கு ஒரு போன் அடியுங்கள், டேப்போடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
நான்கு வெள்ளை டைல்ஸ் வீட்டுக்காரர்