பலகைக்கு நீதான் வாசகம் எழுத வேண்டும்

குன்னூர்,
ஏப்ரல் 16

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அண்ணாச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அத்தை வழக்கம்போல எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்கிறார்கள். குசலம் போதும். உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும், ஒரு வேலையும் வாங்கியாக வேண்டும்.

நம் கடையில் சப்ளை பார்க்கிற அசாம் பையன் காலில் சாம்பார் கொட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஹால் நிறைந்து, வாசலில் வேறு ஆட்கள் நிற்கிறார்கள். மூன்று நான்கு வயதிருக்கும், ஒரு பிள்ளை மேஜைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருந்தான். கல்லாவை விட்டு எழுந்துபோய் அவன் அப்பாவிடம் சொன்னேன். "சின்னப் பிள்ளைங்கன்னா ஓடத்தானேங்க செய்யும்" என்று சிரித்தார். நான் திரும்பிக் கல்லாவுக்கு வருவதற்குள் வாளியோடு வந்த பையனுக்குக் குறுக்கே அந்தப் பிள்ளை பாய்ந்தான். நம் பையன் வாளியைத் தன் பக்கமாகவே சாய்த்துக்கொண்டான், வசந்தி. யோசிக்க ஏது நேரம்? உடம்பு தானாகத் திரும்பியிருக்கிறது. பிள்ளை மேல் ஒரு சொட்டுப் படவில்லை. இவன் புறங்கால் வெந்துபோனது.

மாஸ்டர் இட்லி மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். யாரோ டூத்பேஸ்ட் கொண்டுவந்தார்கள். எதையும் தடவ விடாமல் பின்கட்டுக் குழாயடியில் உட்காரவைத்து, 20 நிமிஷம் காலில் தண்ணீரை ஓடவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இப்போது கொப்புளம் வற்றி வருகிறது. சம்பளத்தோடு லீவு கொடுத்திருக்கிறோம். சும்மா இருக்கப் பிடிக்காமல் உட்கார்ந்தபடியே வெங்காயம் உரிக்கிறேன் என்று நிற்கிறான்.

மலை குளிரில் எல்லாம் சீக்கிரம் ஆறிவிடும் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். டம்ளர் டீ ஆறும். மூடி போட்ட சாம்பார் வாளி எங்கே ஆறுகிறது? இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அது வாஸ்தவம். ஆனால் தோல் வெந்துபோக 60 டிகிரி சூடு சில நொடி பட்டாலே போதும், பிள்ளைகளின் தோல் இன்னும் மெல்லிசு. சப்ளையர் கையில் தொங்குகிற வாளி மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்த உயரத்தில் வரும் என்று நினைத்துப் பார். நேரே முகத்துக்கு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி ஒரு பலகையை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். "ஐந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை" என்று எழுதி மாட்ட வேண்டுமாம். மேலே பழைய பங்களாவைப் புதுப்பித்துக் காபிக் கடை வைத்திருக்கிறார்களே, அங்கே அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். அவர்களுக்குச் சரிப்படலாம். நாம் நடத்துவது சாப்பாட்டுக் கடை. பாட்டி, மகள், பேத்தி என்று வண்டி நிறைய வருகிறவர்களிடம், பேத்தியை வெளியே விட்டுவிட்டு வாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? எங்களுக்குள் பெரிய சண்டை. ஒரு பொழுது முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. சீசனில் சனி, ஞாயிறு என்றால் ஒரு நாளைக்கு 8,000 வண்டி வரை மலைக்கு விடுகிறார்கள். 2025-ல் ஹைகோர்ட் வைத்த வரம்பே அது, வார நாளில் 6,000. அத்தனை வண்டியில் வருகிறவர்களுக்கும் பன்னிரண்டிலிருந்து மூன்றுக்குள்தான் பசிக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தை ஓட்டுவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியாதா?

ஆனாலும் ஓடுகிற பிள்ளையையும் அழுகிற பிள்ளையையும் ஒரே பலகையில் அடைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்குக் காரணம் போன மாதம் நடந்த இன்னொன்று. நம் கடைக்கு ஒரு பெரியவர் தினமும் வருவார், பக்கத்து ராணுவ ஊர் வெலிங்டனில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், தனி ஆள். அவருக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பெண், இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. அது கத்தித் தீர்க்கிறது. பெரியவர் எழுந்து நின்று, "பிள்ளையை வச்சுக்கத் தெரியலைன்னா ஹோட்டலுக்கு ஏம்மா வர்றீங்க?" என்று கேட்டுவிட்டார். ஹாலே அமைதியாகிவிட்டது. அந்தப் பெண் பாதித் தோசையை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சாரலில் நின்றாள். அவள் புருஷன் என்ன செய்தான் தெரியுமா? இன்னொரு கரண்டி சட்னி கேட்டான். மாமியார், நாத்தனார், எல்லாரும் தட்டில் குனிந்துகொண்டார்கள்.

எனக்கு வந்த கோபம் பெரியவர் மேல் இல்லை. அவர் காதில் மெஷின் மாட்டியிருக்கிறார். அது நல்ல சத்தம் கெட்ட சத்தம் பார்க்காது, எல்லாவற்றையும் பெரிசாக்கிக் காதுக்குள் தள்ளும். பிள்ளையின் கிறீச்சிடல் நமக்கு எரிச்சல், அவருக்கு வலி. அவரும் காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறார், ஒரு நாளில் நாலு முகம் பார்ப்பது நம் ஹாலில்தான். கோபமெல்லாம் அந்த மேஜையில் குனிந்திருந்தவர்கள் மேல்தான். பிள்ளை அவள் ஒருத்தியுடையதா? அப்பன் ஐந்து நிமிஷம் தூக்கிக்கொண்டு வெளியே நின்றிருந்தால் அவளும் சாப்பிட்டிருப்பாள், பெரியவரும் நிம்மதியாக இருந்திருப்பார். நான் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, சூடாக வேறு தோசை போடச் சொல்லி அவளை உட்காரவைத்தேன். "பரவாயில்லைக்கா, எனக்குப் பசியில்லை" என்றாள். மூன்று மணிக்குப் பசியில்லையாம்!

உன் மகள் கயலும் இதற்குப் பயந்துதானே பிள்ளையோடு எங்கேயும் வர மாட்டேன் என்கிறாள்? நீயும் சேர்ந்துகொண்டு, "நம்ம காலத்துல பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஹோட்டலுக்கா போனோம்?" என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் அதட்டுகிற மாதிரி என்னையும் அதட்டாதே. ஹோட்டலுக்குப் போகவில்லை, சரி. பந்திக்குப் போனோமா இல்லையா? உன் கல்யாணப் பந்தியில் ராஜம் அக்கா மகள் போட்ட கூச்சல் மறந்துபோயிற்றா? யாராவது திரும்பிப் பார்த்தார்களா?

பந்தியில் பிள்ளை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் உட்காரும், எழுந்து ஓட வழியில்லை. உட்கார்ந்த கையோடு இலையில் இனிப்போ அப்பளமோ விழுந்துவிடும். அம்மா பரிமாறப் போனால் அத்தை ஊட்டுவாள், அடுத்த இலைக்காரர் வேடிக்கை காட்டுவார். அரை மணியில் எழுந்துவிடலாம். ஹோட்டலில் இது எதுவுமே இல்லை. உட்கார இடம் பிடிக்கக் காத்திருக்க வேண்டும், ஆளுக்கொன்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், கூட்ட நாளில் தோசைக்கல் காலியாகக் காத்திருக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம்தான் உப்புக் குப்பியையே பார்த்துக்கொண்டிருக்கும்?

அதுவும் எப்படி வந்து சேர்கிறது! மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு, 1,500 மீட்டர் ஏற்றம். காது அடைத்திருக்கும். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் மலைப்பாதைக் குமட்டல் ரொம்ப இருக்கும், பாதிப் பிள்ளைகள் பர்லியாறு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடும். வயிறு காலி, வண்டியில் தூக்கம் கலைந்து, சட்டென்று குளிர். அந்த நிலையில் நம் ஹாலுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தால் அழாமல் என்ன செய்யும்? பெரியவர்களுக்கே அழுகை வரும்.

அதனால் சில காரியங்கள் ஆரம்பித்துவிட்டேன். சின்னப் பிள்ளையோடு வந்தால், பெரியவர்கள் என்ன வேண்டும் என்று சொல்வதற்கு முன்னாலேயே சின்ன இட்லியும் சர்க்கரையும் வந்துவிடும். ஆவியில் எப்போதும் இட்லி இருக்கிறது, பெரிய சிரமமில்லை. பிள்ளையைச் சுவர் ஓரம் உட்காரவைக்கச் சொல்கிறோம். காபி டபராவை அதன் கை எட்டுகிற இடத்தில் வைக்கக் கூடாது என்று சப்ளையர்களுக்கு உத்தரவு. சாம்பார் வாளிக்காரர்கள் நடு வழியில்தான் போக வேண்டும், "சூடு" என்று குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பெரியவருக்குச் சமையல்கட்டை விட்டுத் தள்ளி உள் மூலையில் ஒரு மேஜை. பதினொன்றரைக்கே வந்துவிடுங்கள் ஐயா, புதுச் சாதம் வடித்திருக்கும் என்று சொல்லியிருக்கிறேன், வருகிறார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒருநாள் அவரே விசாரித்தார்.

ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளை நகர்த்தி ஒரு நாற்காலி, திரைச்சீலை, மின்விசிறி. இங்கே விசிறி எதற்கு என்று அத்தை கேட்டார்கள். பால் கொடுக்கிறவளுக்குப் புழுங்கும் என்று சொன்னேன். 2015-ல் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! சாப்பாட்டுக் கடைக்காரர்கள் யாருக்கும் அது தோன்றவில்லையே.

எனக்குப் பெரிய தலைவலி போன்தான். கையில் போன் கொடுத்தால்தான் ஒரு வாய் உள்ளே போகிறது என்று ஒரு தாய் சொன்னால் அவளிடம் நான் விவாதம் பண்ண மாட்டேன், அவள் பாடு அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாட்டுச் சத்தம் எதற்கு ஹால் முழுக்க? நான்கு மேஜையில் நான்கு பாட்டு. பிள்ளை அழுதால் அதன் கையில் இல்லை. போன் சத்தம் பெரியவர்கள் கையில் இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது. இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். பலகை வாங்கியாயிற்று, வீணாக்க அண்ணாச்சி விட மாட்டார். நான் சொல்கிறபடி எழுதினால் மாட்டுகிறேன் என்று இறங்கிவந்திருக்கிறார். நான்கு வரி, நல்ல தமிழில், நீ எழுதித் தர வேண்டும். பிள்ளைகள் வரலாம், அழுதாலும் பரவாயில்லை என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும், வாசலில் தயங்கி நிற்கிறவள் கண்ணில் அதுதான் முதலில் பட வேண்டும். ஓட விடாதீர்கள், சூடான வாளி வருகிறது என்பது கண்டிப்பாக இருக்க வேண்டும். போன் சத்தம் ஒரு வரி. நான்காவது வரி அப்பாக்களுக்கு. அவர்களுக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும், கோபம் வந்து எழுந்துபோய்விடவும் கூடாது. எனக்கு வரவில்லை, உனக்குத்தான் வரும். நம் ஹாஸ்டல் மெஸ் கதவில் நீ ஒட்டிய அந்த நோட்டீஸுக்குப் பிறகு ரசம் எப்படி மாறியது! வார்டன் முகமும் மாறியது. "தயவுசெய்து" மட்டும் போடாதே, அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் படிப்பதில்லை என்று நீயே அப்போது சொல்லியிருக்கிறாய்.

பெயிண்டர் அடுத்த திங்கள்கிழமை வருகிறார். கடிதம் வந்து சேராது என்றால் போனில் சொல், எழுதிக்கொள்கிறேன்.

கயலை மே மாதம் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா. பழக் கண்காட்சி நடக்கிற சிம்ஸ் பார்க் பிள்ளைக்குப் பிடிக்கும். மருமகன் காரில் வருவதாக இருந்தால் வண்டி மலையேற அனுமதிக்கிற இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடச் சொல், கல்லாறு சோதனைச் சாவடியில் பார்க்கிறார்கள். பஸ்ஸில், ரயிலில் வந்தால் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், பிடுங்கிவிடுவார்கள். பிள்ளைக்கு ஸ்டீல் பாட்டில் வாங்கிக்கொள். ஏறும்போது காது அடைப்பதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம், அதனால் திரும்புகிற வழியில் பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே போகட்டும்.

ராஜம் அக்கா மகள் சீமந்தத்துக்கு வர முடியாது, சீசன். சேலையும் வளையலும் உன் பெயருக்குப் பார்சல் அனுப்புகிறேன், நீயே கொடுத்துவிடு. என்ன நிறம் என்று மட்டும் கேட்டுச் சொல்.

உன்,
மல்லிகா