தமிழ் நேரத்தில் சீன வகுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

என் பேத்திக்கு ஐந்து வயது. சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலேயே பாலர் பள்ளி. மின்தூக்கியை விட்டு இறங்கினால் வாசல். விளையாட்டுச் சாமான், ஆசிரியர்களின் பொறுமை, எதிலும் குறை சொல்ல மாட்டேன். தாய்மொழி நேரம் வந்தால்தான் சிக்கல். தமிழாசிரியர் இல்லாததால் அவளைச் சீன வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். காலையில் இட்லியைப் பிய்த்துப் போட்டு ‘யீ, அர், சான்’ என்று எண்ணிச் சாப்பிடுகிறாள். கேட்க அழகுதான், மறுக்கவில்லை. தமிழில் எண்ணச் சொன்னால் மூன்றோடு நின்றுவிடுகிறாள்.

2030க்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தரமான முன்பருவக் கல்வி என்பது ஐநாவின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. பல நாடுகளில் பள்ளியே எட்டாத தூரம். நமக்கு அந்தக் கவலை இல்லை, சரி. ஆனால் தரம் என்ற சொல்லுக்குள் வீட்டுமொழி அடங்காதா?

கல்வி அமைச்சு 2014 முதல் நடத்திவரும் பாலர் பள்ளிகளில் சீனம், மலாய், தமிழ் என மூன்று தாய்மொழிகளும் உண்டு. எங்களுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

மூன்று தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஓர் ஆசிரியரை வைக்க முடியுமா என்று பள்ளி நிர்வாகம் கேட்பதும் நியாயமே. அப்படியானால் அக்கம்பக்கத்துப் பாலர் பள்ளிகள் நாலைந்து சேர்ந்து ஒரு தமிழாசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாமே? வாரத்தில் இரண்டு காலை, ஏதாவது ஒரு பள்ளியில் எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் கூடட்டும். கைப்பிடித்து அழைத்துப் போக என்னைப் போன்ற தாத்தாக்கள் இருக்கிறோம். எங்களுக்கும் காலையில் வேறு என்ன வேலை?

ஒரு தாத்தா,
ஈசூன்