நாலு பாக்ஸும் ஒரு சப்பும்

தாராவி, மும்பை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே மழை விட்டபாடில்லை. சயான் பக்கம் தண்ணீர் நின்றுவிட்டால், மகள் காலேஜிலிருந்து வந்து சேரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. மற்றபடி சுகம்.

குழுவுக்கென்று நாலு பவர்டு ஸ்பீக்கரும் பேஸுக்கென்று 18 அங்குல சப் ஒன்றும் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் அப்படி ஒரு சந்தோஷம். வாடகை செட்டுக்கே பாதிச் சம்பளம் போய்க்கொண்டிருந்த குழு அது. கோயில் கொடைக்கு முன்னால் எல்லாவற்றையும் எப்படி மாட்டுவது என்று கேட்டிருக்கிறாய். வயர் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று: நாலு பாக்ஸையும் மேடைக்கு முன்னால் இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு என்று சேர்த்து வைக்காதே. ஊரில் எல்லோரும் அப்படித்தான் வைக்கச் சொல்வார்கள். பார்க்கவும் கெத்தாக இருக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ரெண்டு பாக்ஸிலிருந்து ஒரே குரல் வரும்போது, இரண்டும் காதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும். குரலில் சில பகுதி கூடும், சில பகுதி அடிபட்டுப் போகும். ஒரு நாற்காலியில் கணீரென்று கேட்பது நாலு நாற்காலி தள்ளி மழுங்கிப் போயிருக்கும். சந்தேகமாக இருந்தால், ரெண்டையும் சேர்த்து வைத்து, ரேடியோவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வரும் ‘சர்ர்’ சத்தத்தைப் போட்டு, முன்னால் குறுக்கே நடந்து பார். அடிக்கு அடி சத்தம் நிறம் மாறும். சத்தம் கூடியிருக்கும், பாட்டு வரி போயிருக்கும். கச்சேரியில் வரி புரியவில்லை என்றால் அத்தனை காசும் வீண் என்பேன்.

அதனால் முன்னால் பக்கத்துக்கு ஒன்று. மீதி ரெண்டையும் கூட்டத்தின் நடுவில், இரண்டு ஓரமாக, பின்வரிசைக்காரர்களைப் பார்த்து நிறுத்து.

இப்போது வயர். பவர்டு பாக்ஸில் ஆம்ப் உள்ளேயே இருப்பதால் பழைய ஸ்பீக்கர் வயருக்கு வேலையில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கரன்ட் வயர், ஒரு எக்ஸ்எல்ஆர் கேபிள், அதுதான் மைக்குக்குப் போடும் மூணு பின் கேபிள். வழக்கமான முறை: மிக்ஸரின் மெயின் அவுட் ரெண்டும் சப்புக்குப் போகும், சப்பின் அவுட்டிலிருந்து டாப்புக்கு, அதாவது முன்னால் நிற்கும் ரெண்டு பாக்ஸுக்கும், போகும். இங்கேதான் சப்பின் பின்பக்கத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். சிலவற்றில் அந்த அவுட் கீழ்ச் சத்தத்தைத் தானே வைத்துக்கொண்டு, 100 ஹெர்ட்ஸ் பக்கத்துக்கு மேலே உள்ளதை மட்டும் டாப்புக்கு அனுப்பும். சிலவற்றில் ‘த்ரூ’ என்றிருக்கும். வந்ததை வந்தபடி அப்படியே அனுப்பும். த்ரூ என்றால் டாப்பின் மெனுவில், கீழ்ச் சத்தத்தை வெட்டும் ஹைபாஸை நீயே 100இல் போட்டுவிடு. இல்லாவிட்டால் டாப்பும் சப்பும் ஒரே பேஸை வாசித்து மொத்தமும் ‘கும்’மென்று அடைக்கும்.

எனக்குப் பிடித்தது வேறு வழி. சப்புக்கு மிக்ஸரில் மெயினைத் தவிர தனியாக இருக்கும் ஆக்ஸ் அவுட் ஒன்றிலிருந்து தனி கேபிள் கொடுத்துவிடு, மெயின் நேராக டாப்புக்குப் போகட்டும். அந்த ஆக்ஸைப் போஸ்ட் ஃபேடரில் வை, ஃபேடரை ஏற்றி இறக்கும்போது சப்பும் கூடவே ஏறி இறங்கும். டாப்பில் ஹைபாஸ், சப்பில் மேல் சத்தத்தை வெட்டும் லோபாஸ், ரெண்டும் 100இல். பேஸ் கிட்டார், ரிதம் பேடின் கிக், கீபோர்டு, தவிலின் தொப்பிப் பக்கம், இவை மட்டும் ஆக்ஸ் வழியாகச் சப்புக்குப் போகும். பாடுகிறவர் மைக்கும் புல்லாங்குழலும் அந்தப் பக்கமே போகாது. எங்கள் குழுவில் பாடும் அக்கா மைக்கைக் கை மாற்றும்போதெல்லாம் சப்பில் ‘டொம்’ என்று ஒரு அடி விழும். ‘ப’ வரும் சொல்லுக்கெல்லாம் ஒரு குத்து. ஆக்ஸுக்கு மாற்றிய அன்றைக்கு அவர் மூச்சு இழுப்பது வரைக்கும் தெளிவாகக் கேட்டது. ‘என் குரல் இப்பதான் என் குரல் மாதிரி இருக்கு’ என்றார். அதைக் கேட்கத்தானே இந்த வேலையைச் செய்கிறோம்!

சப்பைத் தரையில் வை, பலகை மேடை மேல் வேண்டாம். மைக் ஸ்டாண்டெல்லாம் சேர்ந்து ஆடும். சப்பில் 0, 180 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, கூட்டம் உட்காரும் இடத்தின் நடுவில் நீ நின்றுகொண்டு, பையனை விட்டு அதை மாற்றச் சொல். எதில் சத்தம் கூடுதலோ அதுதான் சரி.

அப்புறம் பின்னால் நிற்கும் ரெண்டு. சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். முன் பாக்ஸிலிருந்து 20 மீட்டர் தள்ளிப் பின் பாக்ஸ் நின்றால், மேடைச் சத்தம் அங்கே வந்து சேர 60 மில்லி செகண்ட் பக்கம். கேபிளிலோ உடனே வந்துவிடும். அப்படியே விட்டால் ஒவ்வொரு வரியும் ரெண்டு தடவை கேட்கும். அதனால் பின் பாக்ஸுக்கு வேறொரு ஆக்ஸ் கொடுத்து, மிக்ஸரிலோ பாக்ஸின் மெனுவிலோ 70 மில்லி செகண்ட் டிலே, அதாவது தாமதம், வை. அந்தக் கூடுதல் 10 ஏன் என்றால், முதலில் எங்கிருந்து வருகிறதோ அங்கேயிருந்துதான் பாட்டு வருகிறது என்று காது எடுத்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் தன் முனைவர் ஆய்வில் இதைச் சோதித்துக் காட்டினார். கடைசி வரிசைப் பாட்டிக்கும் மேடையிலிருந்து பாடுவதாகவே தோன்றும், வரியும் புரியும். பின் பாக்ஸில் பேஸ் தேவையே இல்லை, ஹைபாஸை 150க்கு ஏற்றிவிடு.

கரன்ட் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதே. லோடு தாங்குமானால் மிக்ஸரும் பாக்ஸும் ஒரே ஃபேஸில் இருக்கட்டும். ‘ம்ம்’ என்று ஹம் வந்தால் எர்த் பின்னை ஒடி என்று எவனாவது சொல்வான், ஒடிக்கவே ஒடிக்காதே. மைக்கைப் பிடித்திருப்பவர் உயிர் அதில் இருக்கிறது. ஹம்முக்கு, கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியைப் போட்டு அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அமுக்கு, அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும்தான் விடுவிக்கும். கரன்ட் மெயினில், கசிவு வந்தால் உடனே கட்டாகும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். ஆன் பண்ணும்போது மிக்ஸர் முதலில், பாக்ஸ் கடைசியில். ஆஃப் பண்ணும்போது பாக்ஸ் முதலில்.

சட்டப்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை, அனுமதி வாங்கிய சில விசேஷ நாள் தவிர. இங்கே நாங்கள் ஒன்பதரைக்கே சப்பைக் குறைத்துவிடுவோம். சந்துக்குள் தகரக் கூரைகள் அதிர்ந்து பிள்ளைகள் முழித்துக்கொள்ளும். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் தூங்க வேண்டாமா. உங்கள் ஊரில் வெளி அதிகம், ஆனாலும் கோயிலை ஒட்டிய வீடுகளை நினைத்துக்கொள்.

சப்பின் பின்பக்கத்தையும் மிக்ஸரின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, எழுத்து தெரிகிற மாதிரி. ஆக்ஸ் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, எந்த ஓட்டையில் எந்த வயர் என்று படம் போட்டு அனுப்புகிறேன். கொடைக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் ரெண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன்.

அன்புடன்,
உன் மாப்ளே